போலிப் பெயர்த் தளங்களுக்கு எதிராக பிட்வார்டன்: யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு மதிப்பீடு

கடவுச்சொற்களைச் சேமித்து வைக்கும் செயலிகளைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் அவை எத்தனை சாதனங்களில் இயங்கும், எவ்வளவு நீளமான கடவுச்சொல்லை உருவாக்கித் தரும் என்பவற்றையே பேசுகிறார்கள். 2016ஆம் ஆண்டு வெளிவந்த பிட்வார்டன் என்னும் செயலியை நான் இங்கே வேறொரு கேள்வியை வைத்து மதிப்பிடுகிறேன். உண்மையான வங்கித் தளத்தைப் போலவே பெயரும் தோற்றமும் கொண்ட போலித் தளம் ஒன்றில் வந்து நிற்கும் ஒருவரை, அவர் தம் கடவுச்சொல்லைக் கொடுக்குமுன் இச்செயலி தடுத்து நிறுத்துமா என்பதே அக்கேள்வி. பிள்ளைகள் ரொறன்ரோவிலும் இலண்டனிலும் சூரிச்சிலும் இருக்க, பெற்றோர் கோண்டாவிலிலோ மானிப்பாயிலோ தனித்திருந்து, வெளிநாட்டிலிருந்து வரும் பணத்தையும் மின்கட்டணத்தையும் தொலைபேசிக் கட்டணத்தையும் பிள்ளைகள் வாங்கித் தந்த கைத்தொலைபேசியிலேயே பார்த்துக்கொள்ளும் வீடுகள் இங்கே மிகுதி. அவர்களுடைய சேமிப்புக்கும் ஒரு திருடனுக்கும் இடையில் பல வேளைகளில் முகவரிப் பட்டையில் தெரியும் ஒரு சிறு பெயர் மட்டுமே நிற்கிறது. அந்தப் பெயரைச் சரிபார்க்கும் பொறுப்பை வயதானவர்களின் கண்களிடம் விட்டுவிடுவது அநியாயம் என்பது என் உறுதியான எண்ணம்.

கண் ஏன் தோற்கிறது என்பதை முதலில் விளங்கிக்கொள்ள வேண்டும். மிகப் பழைய உத்தி எழுத்தைத் திரிப்பதுதான். ஆங்கிலச் சிற்றெழுத்தில் ஆர், என் ஆகிய இரண்டையும் அடுத்தடுத்து எழுதினால் கைத்தொலைபேசியின் சிறிய திரையில் அது எம் என்றே தெரியும். எல் என்னும் சிற்றெழுத்துக்கும் ஒன்று என்னும் இலக்கத்துக்கும் பல எழுத்துருக்களில் வேறுபாடு காண்பது கடினம். ஆனால் இன்று அதிகம் பயன்படும் உத்தி இதுவன்று. உண்மையான நிறுவனத்தின் பெயரை ஓர் எழுத்தும் பிசகாமல் அப்படியே வைத்துக்கொண்டு, அதனோடு ‘லொகின்’, ‘செக்கியூர்’, ‘அப்டேட்’ போன்ற ஒரு சொல்லைச் சேர்த்துப் புதிய ஆள்களப் பெயரை, அதாவது தளத்துக்குரிய இணையப் பெயரை, பதிவு செய்துவிடுகிறார்கள். 2017இல் ஜோர்ஜியா தொழில்நுட்ப நிறுவகத்தினரும் ஸ்டோனி புரூக் பல்கலைக்கழகத்தினரும் சேர்ந்து செய்த ஆய்வு, இவ்வாறு சொல் சேர்த்து அமைத்த பெயர்கள் எழுத்துப் பிழையை நம்பி அமைத்த பெயர்களைவிட நூறு மடங்கு அதிகம் எனக் கண்டது. எழுத்துப் பிழையைத் தேடிப் பாருங்கள் என்று நாம் பெரியவர்களுக்குச் சொல்லும் அறிவுரை இங்கே முற்றிலும் பயனற்றுப் போகிறது, ஏனெனில் அந்தப் பெயரில் தேடுவதற்குப் பிழை எதுவும் இல்லை.

மூன்றாவது உத்தி பெயரின் திசையைப் பயன்படுத்துகிறது. இணையப் பெயரில் அதிகாரம் வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கமாக ஓடுகிறது. முகவரியின் தொடக்கத்தில் வரும் இரட்டைச் சாய்கோட்டை விட்டு, அதன்பின் வரும் முதல் சாய்கோட்டுக்கு உடனே முன்னால் நிற்கும் பகுதிக்கு உரியவரே தளத்துக்கு உரியவர். அதன் இடப்பக்கத்தில் அவர் எதை வேண்டுமானாலும் எழுதலாம், உங்கள் வங்கியின் முழுப் பெயரையும் கூட எழுதலாம். கைத்தொலைபேசியின் குறுகிய முகவரிப் பட்டையில் நீளமான பெயரின் ஒரு பகுதிதான் தெரியும் என்பதும், இடமிருந்து வலமாகவே வாசித்துப் பழகிய நமக்கு முதலில் கண்ட பெயரே மனத்தில் பதிந்துவிடும் என்பதும் ஏமாற்றுவோருக்கு வாய்ப்பாகின்றன.

நான்காவது உத்தி எழுத்து முறைகளைக் கலப்பது. ரஷ்யம் முதலிய மொழிகளை எழுதப் பயன்படும் சிரிலிக் எழுத்து முறையின் சில எழுத்துகள் ஆங்கில எழுத்துகளோடு வடிவத்தில் ஒன்றாகவும் கணினிக்குள் வேறாகவும் இருக்கின்றன. 2002இலேயே இஸ்ரவேலைச் சேர்ந்த கப்ரிலோவிச், கொன்ற்மாக்கர் என்னும் இரு ஆய்வாளர்கள் மைக்ரோசொஃப்ட் நிறுவனத்தின் பெயரில் இரண்டு எழுத்துகளை மட்டும் சிரிலிக்கில் மாற்றிப் பதிவு செய்து காட்டினார்கள். 2017 ஏப்ரலில் அப்பிள் நிறுவனத்தின் பெயரைப் போலவே தெரியும் ஒரு பெயர் முழுவதும் சிரிலிக் எழுத்துகளாலேயே அமைக்கப்பட்டு, அப்போதைய குரோம், பயர்பொக்ஸ் உலாவிகளில் எந்த வேறுபாடும் இன்றித் தோன்றியது. குரோம் தன் 58ஆம் பதிப்பில் இதற்குத் தீர்வு செய்தது. அதன்பின் குரோம் இவ்வாறான ஐயத்துக்குரிய பெயர்களை ‘எக்ஸ்என்’ என்று தொடங்கும் குறியீட்டு வடிவில் காட்டுகிறது.

இது ஆங்கிலத்துக்கு மட்டும் உரிய சிக்கல் என்று தமிழ் வாசகர் எண்ணிவிடக் கூடாது. ‘.இலங்கை’ என்று முடியும் தமிழ் ஆள்களப் பெயர்கள் 2010 முதல் வழக்கில் உள்ளன. தமிழ் எழுத்திலும் ஒத்த வடிவங்கள் ஏராளம்: தமிழ் இலக்கமாகிய ௧ என்பதையும் க என்னும் எழுத்தையும் ஒருமுறை அருகருகே வைத்துப் பாருங்கள், ௨ என்பதும் உ என்பதும், ௭ என்பதும் எ என்பதும், ௮ என்பதும் அ என்பதும் அவ்வாறே. ஔ என்னும் ஓர் எழுத்தையும், ஒ, ள ஆகிய இரண்டையும் சேர்த்து எழுதுவதையும் வேறுபடுத்திக் காண்பது தமிழாசிரியர்களுக்கே அரிது. தமிழில் இணையப் பெயர்கள் பெருக வேண்டும் என்று விரும்பும் நான், அந்தப் பெருக்கத்தோடு இந்த ஆபத்தும் வளரும் என்பதையும் சொல்லியாக வேண்டும். நல்ல வேளையாக, எந்தப் பெயரில் எந்த எழுத்துகளை அனுமதிப்பது என்பதைப் பதிவு செய்யும் அமைப்புகளால் விதிகள் வகுத்துக் கட்டுப்படுத்த முடியும்.

பூட்டுச் சின்னத்தை நம்பும் பழக்கமும் இன்னும் போகவில்லை. அந்தச் சின்னம் உங்களுக்கும் தளத்துக்கும் இடையில் செல்லும் தகவல் பிறர் வாசிக்க முடியாதபடி மறைகுறியாக்கப்பட்டுள்ளது என்பதை மட்டுமே கூறியது. தளத்தின் உரிமையாளர் நேர்மையானவர் என்று அது ஒருபோதும் கூறியதில்லை. அந்தச் சின்னம் தோன்றத் தேவையான சான்றிதழ்கள் இலவசமாகவும் தன்னியக்கமாகவும் கிடைக்கத் தொடங்கிய பின்னர் போலித் தளங்களும் அவற்றைப் பெற்றுக்கொண்டன. 2023 செப்டெம்பரில் குரோம் தன் 117ஆம் பதிப்பில் அந்தப் பூட்டை எடுத்துவிட்டு வேறு சின்னம் வைத்ததற்குக் காரணமே மக்கள் அதைத் தவறாக விளங்கிக்கொண்டதுதான்.

இனி பிட்வார்டனுக்கு வருகிறேன். ஒரு தளத்தின் கடவுச்சொல்லை இதில் சேமிக்கும்போது, அத்தளத்தின் ஆள்களப் பெயரும் உடன் சேமிக்கப்படுகிறது. பின்னர் நீங்கள் ஒரு பக்கத்தைத் திறக்கும்போது, அதன் பெயர் சேமித்த பெயரோடு எழுத்துக்கு எழுத்து பொருந்தினால் மட்டுமே செயலி கடவுச்சொல்லை முன்வைக்கும். கணினி உலாவியில், செயலியின் நீட்சி எனப்படும் துணைக்கருவியின் சின்னத்தின் மேல் பொருந்தும் கணக்குகளின் எண்ணிக்கை தெரியும். கைத்தொலைபேசியில் விசைப்பலகைக்கு மேலே கணக்கின் பெயர் தோன்றும். பொருந்தாவிட்டால் இவை எதுவும் தோன்றா. தளத்தின் சின்னமும் வண்ணமும் இந்தச் செயலிக்கு ஒரு பொருட்டே இல்லை. சிரிலிக் எழுத்தாயினும், சேர்த்து எழுதிய சொல்லாயினும், இடப்பக்கம் ஒட்டவைத்த வங்கிப் பெயராயினும், அதன் கணக்கில் எல்லாமே பொருந்தாத பெயர்கள்தாம்.

இப்பொருத்தத்தை அது எவ்வாறு தீர்மானிக்கிறது என்பது நம் நாட்டுப் பெயர்களுக்கு மிக முக்கியம். எந்த முடிவுப் பகுதியின் கீழ் யார் வேண்டுமானாலும் தனிப் பெயர் பெறக்கூடும் என்பதைக் கூறும் பொதுப் பட்டியல் ஒன்று உண்டு. நம் ‘.எல்கே’ பெயர்களில் ‘கவ்.எல்கே’, ‘ஏசி.எல்கே’, ‘கொம்.எல்கே’ ஆகிய முடிவுகள் அதில் இடம்பெற்றுள்ளன. ஆகவே ஒரு திணைக்களத்தின் தளத்துக்கு நீங்கள் சேமித்த கடவுச்சொல், அரச தளங்கள் எல்லாமே ‘கவ்.எல்கே’ என்று முடிகின்றன என்பதற்காக மற்றொரு திணைக்களத்தின் தளத்தில் முன்வைக்கப்பட மாட்டாது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பெயர் ‘ஏசி.எல்கே’ என்பதன் கீழ் நிற்பதால், அதன் கடவுச்சொல் பல்கலைக்கழகத்தின் உட்தளங்கள் அனைத்திலும் முன்வைக்கப்படும், வேறு பல்கலைக்கழகத்தில் முன்வைக்கப்படாது. உட்தளங்களுக்கிடையேயும் பிரித்து வைக்க விரும்புவோர், அந்தக் கணக்கின் பொருத்த முறையை முழுப் பெயரும் ஒத்திருக்க வேண்டும் என்று மாற்றிக்கொள்ளலாம். வங்கிக் கணக்குகளுக்கு நான் அவ்வாறே மாற்றி வைத்திருக்கிறேன்.

இதைச் சொல்லளவில் நம்பாமல் என் கணினியில் சோதித்தும் பார்த்தேன். பெயர்களை எண்முகவரிகளோடு இணைக்கும் ஹோஸ்ட்ஸ் கோப்பில் நானே போலிப் பெயர்களை எழுதி, அவை என் கணினியையே சுட்டுமாறு செய்து, ஒரு புகுபதிகைப் பக்கத்தை அங்கே வைத்தேன். இவ்வழியில் எந்தப் பெயரையும் வெளியே பதிவு செய்யாமல், யாருக்கும் தீங்கின்றிப் பரிசோதிக்க முடிகிறது. எழுத்துத் திரிந்த பெயர், சொல் சேர்ந்த பெயர், இடப்பக்கத்தில் உண்மைப் பெயரைச் சுமந்த நீண்ட பெயர், சிரிலிக் எழுத்து கலந்த பெயர் ஆகிய எல்லாவற்றிலும் பிட்வார்டன் கடவுச்சொல்லை முன்வைக்கவில்லை. அதே பக்கத்தை உறவினர் சிலரிடம் காட்டியபோது, சொல் சேர்ந்த பெயரைப் பார்த்து ஐயப்பட்டவர் ஒருவரும் இல்லை.

நடைமுறையில் இதன் பயனை என் சின்னம்மா வீட்டில் கண்டேன். அவருடைய வங்கிக் கணக்குக்கு நீளமான, பொருளற்ற எழுத்துகளாலான கடவுச்சொல்லைச் செயலியைக் கொண்டே உருவாக்கிக் கொடுத்திருந்தேன். அது அவருக்கு மனப்பாடமாகத் தெரியாது. கணக்கு இடைநிறுத்தப்பட்டுள்ளது என்று வந்த குறுஞ்செய்தியின் இணைப்பைத் திறந்தவர் எனக்கு அழைப்பு எடுத்தார். “தம்பி, பாங்கின்ரை சின்னம், நிறம் எல்லாம் அப்பிடியே இருக்கு. ஆனால் பாஸ்வேர்ட் மட்டும் தானாய் வரேல்லை. கொப்பியிலை பழசு இருக்கு, அதை அடிச்சுப் பாக்கட்டோ?” என்று கேட்டார். “வேண்டாம் சின்னம்மா, ஒண்டும் அடிக்காதேங்கோ. அது வரேல்லையெண்டால் அது உங்கடை பாங்க் இல்லை” என்றேன். இங்கே அவரைக் காத்தது எழுத்துகளை ஆராயும் திறமையன்று. தமக்குத் தெரியாத கடவுச்சொல்லை அவரால் ஏமாந்தும் தட்டச்சு செய்ய முடியவில்லை என்பதும், வழக்கமாக நடப்பது நடக்கவில்லை என்பதை அவர் உடனே உணர்ந்தார் என்பதுமே காத்தன. இந்த இரண்டும் ஒன்றுசேர அமைய வேண்டும். பழைய, நினைவிலிருக்கும் கடவுச்சொல்லையே செயலியில் இட்டு வைப்பவருக்கு இப்பாதுகாப்பில் பாதிகூடக் கிடைக்காது.

குறைகளையும் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. கடவுச்சொல்லைக் கேட்காத மோசடிக்கு எதிராக இச்செயலி பெரிதும் கைவிரித்துவிடுகிறது. பொதி ஒன்று வந்திருக்கிறது, முகவரி சரியில்லை, சிறு தொகை செலுத்துங்கள் என்று அஞ்சல் திணைக்களத்தின் பெயரால் வரும் குறுஞ்செய்திகளைப் பற்றித் திணைக்களமே மக்களை எச்சரிக்க வேண்டியதாயிற்று. அந்தப் போலிப் பக்கங்கள் வங்கி அட்டையின் எண்ணைத்தான் கேட்கின்றன. பிட்வார்டனில் அட்டை விவரங்களையும் சேமிக்கலாம். ஆனால் அட்டை எந்தக் கடையிலும் பயன்படக்கூடியது என்பதால் அது எந்த ஆள்களப் பெயரோடும் பிணைக்கப்படுவதில்லை, ஆகவே போலிப் பக்கத்திலும் அது தயங்காமல் முன்வைக்கப்படும். இதை அறியாமல், செயலி எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் என்று நம்புவது ஆபத்து. என் குடும்பத்தில் எவருடைய அட்டையையும் அதில் சேமிக்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.

அடுத்த குறை, கடவுச்சொல்லைத் தேடி எடுத்து நகலெடுத்து ஒட்டும் வழி எப்போதும் திறந்தே இருப்பது. பொருந்தாத தளத்தில் நிற்கும் ஒருவர் அவ்வாறு செய்ய முற்படும்போது, நீங்கள் நிற்கும் இடம் வேறு என்று உரத்துச் சொல்லும் எச்சரிக்கை வேண்டும் என்று நான் எதிர்பார்க்கிறேன். எதுவும் தோன்றாதிருப்பதே எச்சரிக்கை என்பது பழகியவர்களுக்குப் போதும், புதியவர்களுக்குப் போதாது. குறுஞ்செய்தியில் வரும் ஒருமுறைக் கடவுச்சொல்லும் இங்கே முழுத் தீர்வாகாது. போலித் தளம் அதையும் வாங்கி, காலாவதியாகுமுன் உண்மைத் தளத்தில் இட்டுவிடக்கூடும். கடவுச்சொல்லுக்குப் பதிலாகச் சேமித்த மின்சாவி ஒன்றால் நுழையும், பாஸ்கீ எனப்படும் புதிய முறை இதற்கு விதிவிலக்கு, ஏனெனில் அது ஆள்களப் பெயரோடு கணித அடிப்படையில் பிணைக்கப்பட்டது, நகலெடுத்துக் கொடுக்கவும் முடியாதது. பிட்வார்டன் 2023இன் இறுதியிலிருந்து அதைச் சேமிக்க இடமளிக்கிறது.

இன்னொரு குறைக்குச் செயலியைக் குற்றம் சொல்ல முடியாது. சில நிறுவனங்கள் தம் அறிமுகத் தளத்தை ஒரு பெயரிலும், கணக்குக்குள் நுழையும் தளத்தை முற்றிலும் வேறொரு பெயரிலும் வைத்திருக்கின்றன. அவ்வாறான வங்கி ஒன்றின் வாடிக்கையாளர், உண்மையான தளத்திலேயே கடவுச்சொல் வராததைக் கண்டு, அதைக் கையால் ஒட்டிப் பழகிவிடுகிறார். அந்தப் பழக்கத்தைத்தான் திருடன் நாளை பயன்படுத்திக்கொள்கிறான். சமமான பெயர்கள் என்னும் அமைப்பில் இரண்டு பெயர்களையும் ஒரு தொகுதியாக இணைத்து இதைச் சரிசெய்யலாம்; ஆனால் எந்தப் பெயர் உண்மையானது என்று முதலில் வங்கிக் கிளையில் கேட்டு உறுதி செய்துகொண்ட பிறகே அதைச் செய்ய வேண்டும். வங்கிகள் ஒரே பெயரின் கீழ் தம் சேவைகள் அனைத்தையும் வைத்தாலே பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும் என்பதால், இந்த விடயத்தில் எனக்கு உண்மையான கோபம் உண்டு.

பிட்வார்டனை நிறுவும்போதே கவனம் தேவை, ஏனெனில் இதன் பெயரையே போலி செய்திருக்கிறார்கள். 2023 ஜனவரியில் கூகிள் தேடலின் விளம்பரங்கள் வழியாக, இதன் பெயரோடு ‘லொகின்’ என்ற சொல்லைச் சேர்த்த ஒரு போலித் தளத்துக்கு மக்கள் அழைத்துச் செல்லப்பட்டார்கள். செயலியையே திறக்கும் முதன்மைக் கடவுச்சொல்லைத் திருடுவதே அதன் நோக்கம். அதே ஆண்டு செப்டெம்பரில், பெயரின் நடுவே ஓர் எழுத்து கூடுதலாக நுழைந்த இன்னொரு தளம், செயலியைத் தருவதாகக் காட்டி வேவு மென்பொருளைத் தரவிறக்கச் செய்தது. ஆகவே தேடல் விளம்பரத்தைத் தொடாமல், பிளே ஸ்டோர், அப் ஸ்டோர், உலாவியின் நீட்சிக் கடை ஆகியவற்றிலிருந்தோ, முகவரியைத் தாமே தட்டச்சு செய்தோ பெறுவது நல்லது. நிறுவனமே ‘.கொம்’, ‘.இயூ’ ஆகிய இரண்டு பெயர்களில் தனித்தனிச் சேவையகங்களை நடத்துவதால், எதில் கணக்குத் தொடங்கினோம் என்பதைக் குறித்து வைக்காதவர் மற்றதில் நுழைய முயன்று குழம்புவார்.

விலையைப் பொறுத்தவரை முறைப்பாடு இல்லை. இலவசத் திட்டத்திலேயே எண்ணிக்கை வரம்பின்றிக் கடவுச்சொற்களையும் சாதனங்களையும் வைத்துக்கொள்ளலாம், இருவர் தமக்குள் பகிரவும் செய்யலாம். மூல நிரல் வெளிப்படையானது. மொழித் தெரிவில் தமிழும் உண்டு. முதன்மைக் கடவுச்சொல் குறைந்தது 12 எழுத்துகள் இருக்க வேண்டும். அதை மறந்தால் நிறுவனத்தாலும் மீட்டுத்தர முடியாது. பல தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் தொடுத்து எழுதுமாறு நான் பரிந்துரைப்பேன். தமிழ் எழுத்திலேயே வைத்தால், வேறு விசைப்பலகை உள்ள சாதனத்தில் தட்டச்சு செய்ய இயலாமல் போகலாம். கட்டணத் திட்டத்தில் உள்ள அவசர அணுக்கம் என்னும் வசதி நம் குடும்பங்களுக்கென்றே செய்தது போல இருக்கிறது: வெளிநாட்டிலுள்ள மகளோ மகனோ அனுமதி கோரி, பெற்றோர் முன்னமே குறித்து வைத்த காலத்துக்குள் மறுக்காவிட்டால், கணக்குகளைப் பார்க்க முடியும். கட்டணம் பெற்றோரின் கணக்குக்கு மட்டும் போதும், பிள்ளையின் கணக்கு இலவசமானதாக இருக்கலாம்.

அட்டை எண்ணைக் கேட்கும் போலித் தளங்களுக்கு எதிராக, இதனோடு குவாட்9 என்னும் இலவசச் சேவையையும் நான் சேர்த்துப் பயன்படுத்துகிறேன். சுவிற்சர்லாந்தைத் தலைமையிடமாகக் கொண்ட இலாப நோக்கற்ற அமைப்பு ஒன்று இதை நடத்துகிறது. தீங்கானவை என்று அறியப்பட்ட பெயர்களுக்கு இது எண்முகவரியைத் தர மறுத்துவிடுவதால் அந்தப் பக்கம் திறக்கவே மாட்டாது. அன்ட்ரொய்ட் கைத்தொலைபேசியில் தனிப்பட்ட டிஎன்எஸ் என்னும் இடத்தில் அதன் பெயரை ஒருமுறை எழுதினால் போதும். புதிதாகப் பதிவான போலிப் பெயர் பட்டியலில் ஏறும் வரை இது உதவாது. மோசடிக்காரரோ அந்தச் சில மணி நேரத்தைக் கணக்கிட்டே வேலை செய்கிறார்கள். அந்த இடைவெளியில், கடவுச்சொல்லைப் பொறுத்தவரை, பிட்வார்டன் எந்தப் பட்டியலையும் நம்பியிராமல் தன் வேலையைச் செய்துவிடுகிறது. பெற்றோருக்குக் கைத்தொலைபேசி வாங்கிக் கொடுப்பவர்கள் இரண்டையும் அன்றைக்கே அமைத்து, வங்கியின் கடவுச்சொல்லைப் புதிதாக மாற்றி, பழையதை எழுதிய கொப்பித் தாளையும் கிழித்துவிட்டுக் கொடுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.